வெளுத்ததெல்லாம் பாலா? 2008 சீனப் பால் பவுடர் விவகாரமும் ஒரு பழமொழியும்

"அவன் வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற ஆளு" என்று யாரையாவது பற்றிச் சொன்னால் அதற்கு ரெண்டு அர்த்தம் உண்டு. ஆள் கள்ளங்கபடம் தெரியாதவன் என்பது ஒன்று, ஏமாளி என்பது இன்னொன்று. சொல்கிறவர் குரலை வைத்து எது என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். எப்படிச் சொன்னாலும் விரல் நீள்வது என்னவோ ஏமாந்தவன் பக்கம்தான், சுண்ணாம்பைக் கரைத்துப் பால் என்று நீட்டியவனைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு வார்த்தை கிடையாது. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

பழமொழியை முழுசாகச் சொன்னால் "வெளுத்ததெல்லாம் பால், கறுத்ததெல்லாம் தண்ணீர்" என்று வரும். பின்பாதியைப் பெரும்பாலும் நாம் விட்டுவிடுகிறோம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

இந்தப் பழமொழி அட்சரம் பிசகாமல் நடந்த சம்பவம் ஒன்று உண்டு. உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே வெள்ளையாக இருந்த ஒன்றைப் பால் என்று நம்பிய கதை. சீனாவில் 2008இல் நடந்தது. அதை நான் திரும்பத் திரும்பப் படிக்கக் காரணம், அதில் யாருமே வெளுப்பை மட்டும் பார்த்து நம்பவில்லை என்பதுதான். எல்லோரும் சோதித்தார்கள், அளந்தார்கள், முத்திரை பார்த்து வாங்கினார்கள். அப்படியும் ஏமாந்தார்கள்.

ஹெபே மாகாணத்தின் ஷிஜியாஜுவாங் நகரில் சான்லூ என்று ஒரு பெரிய பால் நிறுவனம் இருந்தது. குழந்தைகளுக்கான பால் பவுடர் விற்பனையில் வருடக்கணக்காக நாட்டிலேயே முதலிடம். நியூசிலாந்தின் ஃபொன்டெர்ரா என்ற பால் கூட்டுறவு நிறுவனம் அதில் 43 சதவீதப் பங்கு வைத்திருந்தது. 2007 செப்டம்பரில் சீன அரசுத் தொலைக்காட்சி சான்லூவின் தொழிற்சாலைக்குப் போய், அங்கே 1,100 சோதனைகளைத் தாண்டித்தான் பால் வெளியே வருகிறது என்று பெருமையாக நிகழ்ச்சி போட்டது. 2008 ஜனவரியில் அந்தக் குழந்தைப் பால் பவுடர் ஆராய்ச்சிக்கு தேசிய அறிவியல் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. இதற்கெல்லாம் மேலே, அந்தப் பவுடருக்கு 'சோதனை விலக்கு' முத்திரை இருந்தது. அரசின் தரச் சோதனைகளில் தொடர்ந்து தேறி வந்த பொருள்களை இனிமேல் சோதிக்க வேண்டாம் என்று விட்டுவிடும் ஏற்பாடு அது. நல்ல பையன் என்று பெயர் வாங்கிவிட்டால் வாத்தியார் அப்புறம் நோட்டைத் திறந்தே பார்க்க மாட்டார் இல்லையா, அது மாதிரி.

ஒரு தாய் கடைக்குப் போகிறாள். பணம் அதிகமானாலும் பரவாயில்லை என்று பேர்போன கம்பெனியின் பவுடரை எடுக்கிறாள். விருது வாங்கியது, அரசு முத்திரை உள்ளது, டிவியில் வந்தது. இவளைப் போய் 'வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியவள்' என்று எப்படிச் சொல்வது?

2007 டிசம்பரிலேயே நிறுவனத்துக்குப் புகார் வரத் தொடங்கிவிட்டது. குழந்தை சிறுநீர் கழிக்கும்போது அலறுகிறது, சிறுநீரில் ஏதோ படிகிறது என்று. 2008இன் நடுவில், கான்சு மாகாணத்தின் லான்ஜோ நகர மருத்துவமனை ஒன்றுக்குச் சிறுநீரகக் கல்லோடு கைக்குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் வியாதி, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு! விசாரித்தால் எல்லோரும் குடித்தது ஒரே பிராண்ட். இந்தக் கற்களில் பெரும்பாலானவை சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாதவை, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

கல்லுக்குக் காரணம் மெலமைன். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான். ஹோட்டல்களிலும் கேண்டீன்களிலும் கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாத கெட்டித் தட்டு இருக்கிறதே, அந்த மெலமைன் தட்டுக்கு மூலப்பொருள். வெள்ளை வெளேரென்ற பவுடர். அதைப் பாலில் போய் ஏன் கலக்க வேண்டும்?

இதற்குப் பால் வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும். என் சித்தப்பா ஒரு காலத்தில் ரெண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். தூக்குவாளியோடு நானும் கூடப் போயிருக்கிறேன். அங்கே லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். தண்ணீர் கலந்தால் பாலின் அடர்த்தி குறையும், கருவி கீழே இறங்கும், குட்டு உடைந்துவிடும். ஆனால் பாலின் மேல் ஏட்டை எடுத்துவிட்டால் அடர்த்தி ஏறும், கருவி மேலே வரும். ஆக, ஏட்டையும் எடுத்து அளவாகத் தண்ணீரும் விட்டால் ரெண்டு திருட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கருவி பழைய இடத்திலேயே நிற்கும். ரெட்டைத் திருடன் யோக்கியனாகத் தெரிவான். இதனால்தான் லாக்டோமீட்டர் மட்டும் போதாது என்று கொழுப்பையும் தனியாக அளந்து, ரெண்டையும் வைத்து விலை போடுகிறார்கள். அன்னப்பறவை நீரை விட்டுப் பாலை மட்டும் குடிக்கும் என்று நம் கவிஞர்கள் பாடினார்கள். சொசைட்டிக்கு அன்னம் கிடைக்கவில்லை, கண்ணாடிக் குழாய்தான் கிடைத்தது.

சீனாவில் கொழுப்போடு புரதத்தையும் பார்த்தார்கள். கறந்த பாலில் குறைந்தது 2.95 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது அப்போதைய அளவுகோல். ஆனால் பெரிய அளவில் புரதத்தை நேரடியாக அளப்பது கஷ்டம், செலவும் அதிகம். அதனால் உலகம் முழுக்கவே ஒரு குறுக்கு வழி உண்டு: புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது, பாலின் சர்க்கரையிலோ கொழுப்பிலோ அது இல்லை, ஆகவே மொத்த நைட்ரஜனை அளந்து 6.38ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வந்துவிடும். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் என்பவர் 1883இல் கண்டுபிடித்த முறை இது. பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனையெல்லாம் அம்மோனியாவாக்கி அளப்பார்கள். நல்ல முறைதான், நூறு வருஷத்துக்கு மேல் உலகம் நம்பிய முறை. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அதற்குத் தெரியாது.

மெலமைனின் எடையில் மூன்றில் ரெண்டு பங்கு நைட்ரஜன். பால் புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம்தான்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாலில் சுமார் 30 கிராம் புரதம். அதில் 300 மில்லி தண்ணீர் ஊற்றினால் 1.3 லிட்டர் ஆகிவிடும், புரதம் 2.3 சதவீதத்துக்கு இறங்கிவிடும், வண்டி திருப்பி அனுப்பப்படும். ஆனால் ஒரு கிராம் மெலமைன், இந்தச் சோதனையின் கண்ணுக்கு நாலேகால் கிராம் புரதமாகத் தெரியும். குறைகிற 9 கிராமை ஈடுகட்ட ரெண்டு கிராமும் கொஞ்சமும் போதும். ஒரு டீஸ்பூன்கூட வராது. அது கரைகிறதா என்றால், இந்த அளவு சாதாரணத் தண்ணீரிலேயே கரையும். நிறம் மாறாது. முப்பது சதவீதத் தண்ணீர் காசாகிவிட்டது.

இதை மாட்டுக்காரர் தனியாக யோசித்துச் செய்திருக்க முடியாது. சான்லூ போன்ற கம்பெனிகளுக்குப் பால் பெரும்பாலும் சின்னச் சின்ன மாட்டுக்காரர்களிடமிருந்து, நடுவில் இருந்த சேகரிப்பு நிலையங்கள் வழியாகப் போனது. சாங் யூஜுன் என்பவர் 2007இலிருந்து ஷான்டோங் மாகாணத்தில் ஒரு பட்டறை போட்டு, மெலமைனையும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பொருளையும் கலந்து 770 டன்னுக்கு மேல் தயாரித்தார். அதை அவர் விற்ற பெயர் 'புரதப் பவுடர்'. இப்படிப்பட்ட பவுடரை வாங்கியவர்களில் ஒருவர் கெங் ஜின்பிங், பால் சேகரிப்பு நிலையம் வைத்திருந்தவர். தரமில்லை என்று அவருடைய பாலைத் திரும்பத் திரும்ப நிராகரித்திருக்கிறார்கள். பவுடர் போட்ட பிறகு நிராகரிப்பது நின்றது. ஒரு விதத்தில் பார்த்தால் சோதனைதான் அவரைப் பவுடரிடம் அனுப்பியது. அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை, ஆனால் கலப்படக்காரன் முதலில் படிப்பது சோதனைக்காரனின் நோட்டைத்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. எதைப் பார்க்கிறார்களோ அதை மட்டும் வெளுப்பாக்கினால் போதும், மற்றதை யார் பார்க்கப் போகிறார்கள்?

இதற்கு முன்கதையும் உண்டு. 2004இல் அன்ஹுவே மாகாணத்தின் ஃபூயாங் பகுதியில் சத்தே இல்லாத போலிப் பால் பவுடர் குடித்து, உடம்பு வற்றித் தலை மட்டும் வீங்கிய குழந்தைகள் வந்தார்கள், பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பவுடரில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. சரி, இனிப் புரதத்தைப் பார்ப்போம் என்று கண்கள் அந்தப் பக்கம் திரும்பின. நாலு வருஷத்தில் புரதம் 'இருந்தது'. 2007இல் இன்னொரு எச்சரிக்கையும் வந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் இதே மெலமைன் இருந்து, அதில் செய்த தீவனத்தைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அதே தந்திரம், அதே சோதனையை ஏமாற்றியது. நாய்த் தீவனம்தானே என்று எல்லோரும் கடந்துபோனார்கள் போலிருக்கிறது.

இனி வருவதுதான் எனக்குக் கோபம் வரும் பகுதி. 2008 ஆகஸ்ட் 1ஆம் தேதி சான்லூவுக்கு ஆய்வக முடிவு வந்துவிட்டது. அனுப்பிய 16 மாதிரிகளில் 15இல் மெலமைன். மறுநாள் ஃபொன்டெர்ராவுக்கும் சொல்லிவிட்டார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக் ஆகஸ்ட் 8ஆம் தேதி தொடங்க இருந்தது. ஊர் முழுக்க வெள்ளையடித்துத் தோரணம் கட்டியிருக்கும்போது, வீட்டுப் பாலில் விஷம் என்று யார் வாய் திறப்பது? பொதுமக்களுக்குச் சொல்லாமல் கடைகளிலிருந்து சத்தமில்லாமல் சரக்கைத் திருப்பி எடுக்கப் பார்த்தார்கள். உள்ளுக்குள் ஒரு விதியும் போட்டுக்கொண்டார்கள்: ஒரு கிலோவில் 10 மில்லிகிராமுக்குள் மெலமைன் இருந்தால் விற்கலாம். தெரிந்த பிறகும் தயாரித்தது 904 டன், அதில் விற்றது 813 டன் என்று பின்னால் வழக்கில் வெளிவந்தது. அதுவரை நடந்ததைக்கூட ஏமாற்றப்பட்டோம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்த 813 டன்னுக்கு அப்படி ஒரு வார்த்தை கிடையாது.

ஃபொன்டெர்ரா பகிரங்கமாகத் திரும்பப் பெறச் சொல்லி உள்ளே வற்புறுத்தியதாகச் சொன்னது. ஆனால் வெளியே ஒரு மாதத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் விஷயம் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் வரை போய், அந்த அரசு பெய்ஜிங்கிடம் நேரடியாகச் சொன்னது. செப்டம்பர் 11ஆம் தேதி ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் ஜியான் குவாங்ஜோ என்ற செய்தியாளர், லான்ஜோவின் 14 குழந்தைகளைப் பற்றி எழுதும்போது சான்லூவின் பெயரை வெளிப்படையாகப் போட்டார். அதுவரை மற்ற பத்திரிகைகள் 'ஒரு பிரபல நிறுவனம்' என்றே எழுதிக்கொண்டிருந்தன. அன்றைக்கே 700 டன் பவுடரைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது.

பிறகு எல்லாக் கம்பெனிகளையும் சோதித்தார்கள். குழந்தைப் பால் பவுடர் செய்யும் 109 நிறுவனங்களில் 22இல் மெலமைன். பெரிய பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. சான்லூ பவுடர் ஒன்றில் கிலோவுக்கு 2,560 மில்லிகிராம் வரை இருந்தது. (குழந்தைப் பால் பவுடருக்கு உலக அளவில் 2010இல் வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம்.) சுமார் 2,94,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகவும், 50,000க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும், 6 பேர் இறந்ததாகவும் அரசு கணக்குச் சொன்னது. பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு வேகமாகக் கல் சேர்ந்தது என்றால், கைக்குழந்தையின் சிறுநீரில் யூரிக் அமிலம் இயல்பிலேயே அதிகம், மெலமைன் அதோடு சேர்ந்து படிகமாகிறது. தவிரவும் நமக்குப் பால் என்றால் காபிக்கு அரை டம்ளர், அந்தப் பிள்ளைக்கோ மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு.

'சோதனை விலக்கு' முத்திரை செப்டம்பரிலேயே ஒழிந்தது. தரக் கண்காணிப்புத் துறைத் தலைவர் லீ சாங்ஜியாங் பதவி விலகினார். இந்தியாவும் அந்த மாதமே சீனப் பால் பொருள்களுக்குத் தடை போட்டு, அதைப் பத்து வருஷத்துக்கு மேல் நீட்டித்துக்கொண்டே வந்தது. சான்லூ அந்த டிசம்பரில் திவாலானது. 2009 ஜனவரியில் தீர்ப்பு: நிறுவனத் தலைவர் தியான் வென்ஹுவாவுக்கு ஆயுள் தண்டனை, பவுடர் செய்த சாங் யூஜுனுக்கும் பாலில் கலந்த கெங் ஜின்பிங்குக்கும் மரண தண்டனை. அந்த நவம்பரில் நிறைவேற்றிவிட்டார்கள். இன்னொரு தண்டனையும் இருக்கிறது, அதை அதிகம் பேர் சொல்வதில்லை. பாதிக்கப்பட்ட பிள்ளை ஒன்றின் அப்பாவான சாவ் லியான்ஹாய் மற்ற பெற்றோர்களைத் திரட்டி நியாயம் கேட்டார். பொது ஒழுங்கைக் குலைத்ததாக 2010இல் அவருக்கு இரண்டரை வருஷச் சிறை.

2010இல் கறந்த பாலுக்குப் புதிய தர அளவுகோல் வந்தது. குறைந்தபட்சப் புரதம் 2.95இலிருந்து 2.8 ஆனது. தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ஊரே திட்டியது. எனக்கு அதில் ரெண்டு மனம். சின்ன மாட்டுக்காரர் எட்ட முடியாத அளவை வைத்துவிட்டு, எட்டினால்தான் காசு என்றால், எட்டுவதற்கு ஒரு பவுடர் விற்கப்படும். அதே சமயம், பிள்ளைகள் செத்த பிறகு செய்யும் முதல் காரியம் அளவைக் குறைப்பது என்றால் அந்த அம்மாக்களுக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரிகிறது.

அவர்கள் அதற்குள் வேறு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். வெளிநாட்டு எழுத்து போட்ட டின் என்றால் நல்லது என்று ஆனது. ஹாங்காங்குக்குப் போகிறவர்கள் எல்லாம் பெட்டி நிறைய டின் வாங்கி வந்ததில் அங்கே உள்ளூர்க்காரர்களுக்கே கிடைக்காமல் போய், 2013 மார்ச் 1 முதல் ஆளுக்கு 1.8 கிலோவுக்கு மேல், அதாவது ரெண்டு டின்னுக்கு மேல், கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பால் பவுடர் கடத்தியதற்காகக் கைதானவர்கள் உண்டு. அரசு முத்திரை இருந்த இடத்தில் இப்போது ஆங்கில எழுத்து. வெளுப்பு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இனி பழமொழியின் அந்தப் பின்பாதி, 'கறுத்ததெல்லாம் தண்ணீர்'. 2013 ஆகஸ்டில், அதே ஃபொன்டெர்ரா தன்னுடைய 38 டன் பால் புரதத்தில் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி இருக்கலாம் என்று தானே அறிவித்தது. சரியாகக் கழுவாத ஒரு குழாயிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். பல நாடுகளில் குழந்தைப் பால் பவுடரைத் திரும்பப் பெற்றார்கள், சீனா அந்த நிறுவனத்தின் சில பால் பொருள்களின் இறக்குமதியை நிறுத்தியது. மாதக் கடைசியில் நியூசிலாந்து அரசின் மறுசோதனை முடிவு வந்தது: அது அந்தக் கிருமியே இல்லை, அதே குடும்பத்தைச் சேர்ந்த, அந்த நச்சைச் சுரக்காத வேறொன்று. பவுடரில் போட்டுலிசம் இருக்கவே இல்லை. ஆனாலும் குழந்தை உணவு விற்கும் பிரெஞ்சு நிறுவனமான டனோன் நஷ்டஈடு கேட்டுப் போய், 2017இல் ஃபொன்டெர்ரா 10.5 கோடி யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பானது.

2008இல் பாலாகத் தெரிந்தது விஷம், 2013இல் விஷமாகத் தெரிந்தது பால். ரெண்டு முறையும் சொன்னது ஆய்வகம்தான். முதல் முறை ஏமாந்த அதே அம்மாக்கள், இரண்டாவது முறை, வீட்டில் திறந்து பாதி தீர்ந்திருந்த டின்னைக் குப்பையில் கொட்டுவதா, பிள்ளைக்குக் கரைத்துக் கொடுப்பதா என்று தெரியாமல் ஆகஸ்ட் மாதம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.